நான் செத்த அன்று எம்.எல்.ஏ. பேசிய பேச்சு

கூட்டம் சேர்க்க முடியாமல் அரசியல்வாதிகள் படும் அவஸ்தையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிரியாணி போடுகிறார்கள், வேன் வைத்து ஆள் பிடிக்கிறார்கள், நடிகையைக் கூட்டிவருகிறார்கள். (நடிகை கிளம்பினால் கூட்டமும் கூடவே கிளம்பிவிடும். அது வேறு கதை.) செலவே இல்லாமல் கூட்டம் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. யாராவது செத்துப்போனால் போதும். இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பமே திரண்டு வந்து எங்கள் எம்.எல்.ஏ.வின் பேச்சைக் கேட்டது. அன்று செத்துப்போனவன் நான்தான்.

அப்போது நான் ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதி அலுவலகத்தில் 'தகவல் தொடர்பாளர்'. எந்தக் கட்சி, எந்தத் தேர்தல் என்றெல்லாம் கேட்காதீர்கள்; அந்த அம்மாள் இன்னும் அரசியலில் இருக்கிறார், நானும் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் பிழைக்கிறேன். குப்பத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். அரசாங்கம் ஏரிக்கரை மக்களுக்கு என்ன செய்திருக்கிறது, என்ன செய்யப்போகிறது, எதை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று எடுத்துச் சொல்வது என் வேலை. ரேஷன் கடையின் புது நேரம், ஆதார் திருத்த முகாம், முதியோர் உதவித்தொகை, தடைக்கால நிவாரணம், முகத்துவாரத்தைத் தூர்வாரும் வேலை எந்த மட்டில் இருக்கிறது (அது எப்போதும் 'விரைவில்' என்ற மட்டில்தான் இருந்தது) என்று எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டும்.

வேலை நிரந்தரம் இல்லை. "கொஞ்ச நாள் பார்க்கலாம் தம்பி" என்று மேடம் சொல்லியிருந்தார். எனக்கோ அது மானப் பிரச்சினை. எங்கள் ஊர் பொன்னேரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர். நைனா நடவு, களை, அறுப்பு தவிர வேறு எதையும் வேலை என்று ஒப்புக்கொள்ளாதவர். "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல உனுக்கு இன்னாடா வேலை? மாலை வாங்கி வைக்கிறதா?" என்று கேட்டார். நான் ரோஷத்தில், "வேலை நிரந்தரம் ஆனப்புறம்தான் இந்த வாசப்படிய மிதிப்பேன்" என்று சபதம் போட்டுவிட்டு ஒரு பையோடு கிளம்பிவிட்டேன். (சபதம் போடும்போது பக்கத்தில் தடுப்பதற்கு ஆள் இருக்க வேண்டும். அம்மா அந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போயிருந்தாள்.) பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் சபதம் போட்டவனுக்கு அது டில்லி தூரம்.

குப்பத்தை ஒட்டி, மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனி ஒன்றின் மாடியில் எனக்கு அறை. எனக்கு அங்கே பேச ஆள் இல்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. நாள் முழுவதும் பேசுவதுதான் என் பிழைப்பு. ஆனால் நான் பேசியதெல்லாம் அரசாங்கத்தின் பேச்சு. 'நாளை காலை முகாம், அட்டையுடன் வரவும்' என்பதற்கு யாரும் 'நீ எப்படி இருக்கே' என்று பதில் சொல்ல மாட்டார்கள். மெஸ்ஸில் சாப்பிடும்போது எதிர் நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்வேன், யாருக்கோ இடம் பிடித்து வைத்திருப்பது போல. யாரும் ஒருநாளும் அந்தப் பையை எடுக்கச் சொன்னதில்லை.

செய்திக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினேன். நான் இரவல் தமிழில், 'மாண்புமிகு' எல்லாம் போட்டு, நீளநீளமாகச் செய்தி அனுப்புவேன். கீழே ஒரு ரோஜாப்பூவும் 'இனிய காலை வணக்கம்' என்று ஒரு படமும் வரும். ஒருமுறை ஒருவர் பதில் எழுதினார். ஆசையாகத் திறந்து பார்த்தால், 'நண்டு இருக்கு, வேண்டுமென்றால் போன் பண்ணவும்.' நான் போன் பண்ணினேன். நண்டு தீர்ந்துபோயிருந்தது.

மாலையில் அறைக்குப் போகிற படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்வேன். "சாப்ட்டியாப்பா?" என்பாள். "ஆச்சும்மா. மீன் கொழம்பு. இங்க நாலஞ்சு சிநேகிதனுங்க, ஒரே கலாட்டா" என்பேன், கையில் பன்னை வைத்துக்கொண்டு. படிக்கட்டின் கீழ் நிழலில் முனியம்மா என்ற பெண்மணி அன்றைய இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். வலை இல்லாமல், ஓலையால் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களில் ஒருத்தி. அவளுக்கு என் அம்மா வயது இருக்கும். அவள் என்னோடு பேசிய மொத்தப் பேச்சும், "தம்பி, காலை எடு, இறால மிதிக்கப்போற" என்பதுதான்.

இப்படி இருக்கையில்தான் மேடம், தன் ஓராண்டுப் பணிகளைப் பற்றிக் குப்பத்து மக்களுக்கு நேரில் அறிக்கை கொடுக்கப்போவதாகச் சொன்னார். பேச்சு, பிறகு புரொஜெக்டரில் ஒரு படம். "இது நல்லா நடந்துச்சுன்னா உன் வேலை விஷயத்தை முடிச்சிடலாம் தம்பி. கூட்டம் இல்லன்னா கஷ்டம்" என்றார். அவர் கறாராகவும் சொல்லவில்லை, அன்பாகவும் சொல்லவில்லை. கூட்டம் வந்தால் நான் தலை நிமிர்ந்து நைனா முன்னால் போய் நிற்கலாம். வராவிட்டால் தலை குனிந்து நாற்றங்காலில் நிற்கலாம்.

குப்பத்தின் தலைவர் ஏகாம்பரத்திடம் போய் நாளைச் சொன்னேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வெள்ளிக்கெழமையா? அன்னிக்கு எங்க பாடு. கரையில ஈ, காக்கா இருக்காது" என்றார். ஏரியில் இறால் நன்றாக ஓடும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் இன்ன நாள் இந்தக் குப்பத்துக்கு, அடுத்த நாள் பக்கத்துக் குப்பத்துக்கு என்று அவர்களுக்குள்ளேயே முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். ஒருமுறை தவறவிட்டால், மறுபடி சுற்றி வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

"ஒரு நாள்தானே தலைவரே. கொஞ்சம் சீக்கிரம் திரும்பிட்டா..." என்று இழுத்தேன்.

"தம்பி, எறாலுக்கு எம்.எல்.ஏ.வைத் தெரியாது" என்றார் ஏகாம்பரம்.

மேடத்தின் நாளை மாற்ற முடியாது. இறாலின் நாளையும் மாற்ற முடியாது. காலி நாற்காலிகள் முன்னால் மேடம் கைகூப்பி நிற்பது போல் எனக்குத் தினமும் கனவு வந்தது. (நாற்காலிகளும் பதிலுக்குக் கைகூப்பும். பயம் அப்படி.)

வெள்ளிக்கிழமை காலையில் மேடத்திடமிருந்து போன். கூட்டம் சமுதாயக் கூடத்தில் வேண்டாம், ஏரிக்கரையிலேயே வைத்துவிடு, போட்டோவில் பின்னால் தண்ணீர் தெரிய வேண்டும் என்றார். குழுவில் செய்தி போட்டேன். படிக்கத்தான் ஊரில் ஆள் இல்லை. ஆண்கள் எல்லாம் படகில், பெண்களில் பாதிப் பேர் ஏரியில், மீதிப் பேர் மார்க்கெட்டில். படம் காட்டத் திரை வேண்டுமே என்று இரண்டு வெள்ளை வேட்டிகளை இணைத்துத் தைத்து வைத்திருந்தேன். கரையில் உயரமான ஒரு சவுக்குக் கம்பம் தனியாக நின்றது. கம்பத்தில் கயிறும் இருந்தது, ஏற்றி இறக்க வசதியாக. யாரோ எனக்காகவே நட்டு வைத்தது போலிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலை நட்டு, இரண்டுக்கும் நடுவே துணியை இழுத்துக் கட்டினேன். சேற்றில் கால் புதைந்ததால் செருப்பைத் தண்ணீர் ஓரமாகக் கழற்றிப் போட்டிருந்தேன். கீழ் முனைகளை வந்து கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, காலைக் கழுவி, மேடத்துக்காக வாங்கிய புது ஷூவை மாட்டிக்கொண்டு, புரொஜெக்டர் எடுத்துவரப் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்தேன். செருப்பு அங்கேயே கிடந்தது.

நான் போன பிறகு கரையில் நடந்ததை எனக்குப் பிற்பாடுதான் சொன்னார்கள். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் அசட்டுத்தனத்தின் முழு ருசி தெரியாது.

அந்தக் குப்பத்தில் சாவு விழுந்தால் தொழில் கிடையாது. யார் வீட்டுச் சாவானாலும் வலையை விட்டுவிட்டுப் படகுகள் திரும்ப வேண்டும். ஏரிக்குள் இருப்பவர்களுக்குத் தெரிவதற்காகக் கரைக் கம்பத்தில் வெள்ளைத் துணி ஏற்றுவார்கள். போன் இருக்கிறதே என்பீர்கள். ஏரிக்குள் கொஞ்ச தூரம் போனால் போன் ஆந்திரா டவரைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் பேசும். பாதிப் பேர் தண்ணீர் படும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். துணிக்கு டவர் தேவையில்லை.

கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று எழுந்ததும் என் மூங்கில் சாய்ந்திருக்கிறது. சவுக்குக் கம்பத்தில் மட்டும் துணி படபடத்து, ஏரி முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. வலை கட்டி முடித்த நேரம். அத்தனை படகும் திரும்பிவிட்டன. பக்கத்துக் குப்பத்துக்காரர்களும் துணியைப் பார்த்து, முறைப்படி மாலையோடு வந்துவிட்டார்கள். கரைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் "யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. துணி ஏற்றியது யார் என்றும் தெரியவில்லை. ஆளாளுக்கு இன்னொருவர்தான் ஏற்றினார் என்று நினைத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்த கிழவர்கூட எழுந்து உட்கார்ந்து, "நான் இல்லப்பா" என்றாராம். ஊரில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

அப்போதுதான் யாரோ தண்ணீர் ஓரத்தில் என் செருப்பைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்த செருப்பு. மாடி அறை பூட்டிக்கிடந்தது. போன் நம்பர் குழுவில் இருந்தது, ஆனால் குழுவின் பெயர் 'தொகுதிச் செய்தி'. அது அரசாங்கத்தின் நம்பர் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆக, செத்தவன் யார் என்பது முடிவாகிவிட்டது. உடலைத் தேட வேண்டியதுதான் பாக்கி.

இது எதுவும் தெரியாமல் நான் மேடத்தின் காரில், மடியில் புரொஜெக்டர் பெட்டியோடு வந்துகொண்டிருந்தேன். சாய்ந்தரம் மணி ஆறு இருக்கும். கார் கரைக்குத் திரும்பியதும் மேடம் "அட!" என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். கரை கொள்ளாத கூட்டம். ஆண்கள், பெண்கள், கைக்குழந்தைகள். சிலர் கையில் மாலை. ஒருவரும் சத்தம் போடவில்லை.

"பரவாயில்லையே தம்பி! இவ்ளோ ஒழுங்கான கூட்டத்தை நான் பார்த்ததே இல்ல" என்றார் மேடம்.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். வாட்ஸ்அப்பில் என் எழுத்து நடைக்கு இப்படி ஒரு வலிமை இருக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. நைனா முகத்தை நினைத்துக்கொண்டேன்.

"அவங்க ஏன் தண்ணியில நிக்கிறாங்க?" என்று மேடம் கேட்டார். ஏரியில் கரையை ஒட்டி, முப்பது நாற்பது பேர் கைகோத்த மாதிரி வரிசையாக, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. "உங்கள வரவேற்கத்தான் மேடம். இங்க பாரம்பரிய முறை" என்றேன். மேடம் தண்ணீரைப் பார்த்து நெகிழ்ந்து கைகூப்பினார். வரிசையில் ஒருவரும் நிமிரவில்லை.

மேடம் இறங்கியதும் கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது. எம்.எல்.ஏ.வே வந்துவிட்டார் என்றால் செய்தி உறுதிதான் என்று அவர்களுக்கும் ஆகிவிட்டது. மைக் கைக்கு வந்தது. மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்று எனக்கு மிகவும் மகிழ்ச்சியான நாள்" என்று ஆரம்பித்தார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "பாவம், அதிர்ச்சியில பேசுறாங்க" என்று ஒரு குரல் கேட்டது.

மேடம் ரேஷன் கடையைப் பற்றிச் சொன்னார். முதியோர் உதவித்தொகையைப் பற்றிச் சொன்னார். படகுத்துறைக்கு விளக்கு வரப்போவதைச் சொன்னபோது ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகத்துவாரம் விரைவில் தூர்வாரப்படும் என்றபோது ஒரு பெண் வாய்விட்டே அழுதுவிட்டாள். தூர்வாரும் திட்டத்துக்கு அழுதவர்களை மேடம் அதுவரை பார்த்ததில்லை. அவர் குரலும் கம்மிவிட்டது. போட்டோகிராபர் பக்கம் திரும்பி, "எடுத்தியா?" என்று சைகையில் கேட்டுக்கொண்டார்.

எல்லோர் கண்ணும் மேடத்தின் மேல் இருக்க, நான் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சரிந்த திரையைக் கட்டுவதற்காகக் கூட்டத்தின் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் கையில் மாலை இருந்தது. வரவேற்பு மாலையில் அவ்வளவு சாமந்தி இருக்காதே என்று அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"இன்னாண்ணே விசேஷம்?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே, "சாவு" என்றார்.

"யாரு?"

"எம்.எல்.ஏ. ஆபீஸ் புள்ள. ஏரில விழுந்துட்ச்சாம்."

"எந்தப் புள்ள?"

"ஒண்ணுதானே கீது. மாடி ரூமு."

"பேரு?"

"யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

பெட்டி தலையிலிருந்து நழுவப் பார்த்தது. 'ஐயோ, நான்தான் அது, உயிரோடு இருக்கிறேன்' என்று அந்த நொடியே கத்தியிருக்க வேண்டும். எவனும் கத்தியிருப்பான். நான் கத்தவில்லை. பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குப்பத்துக்கு வந்த நாளிலிருந்து என்னைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

"டீயில சர்க்கர போடாது. அம்மாந்தூரம் நடந்து வந்து வெறும் டீ குடிச்சுட்டுப் போவும்" என்றார் ஒருவர்.

"எங்க தெருவுல நாய் கொரைச்சா அதுக்கும் வணக்கம் சொல்லும்" என்றாள் ஒருத்தி. (பயத்தில் கையைத் தூக்குவேன். வணக்கம் என்று நினைத்திருக்கிறாள்.)

"மெஸ்ஸுல எதிர்க்க பைய வச்சுக்கினு ஒண்டியா துன்னும். யாரோ வருவாங்கபோலன்னு நானும் ஒக்கார மாட்டேன்" என்றார் மாலைக்காரர்.

"ஊட்டுக்குச் சொல்லணுமே. ஊடு எங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்களுக்கு என் சர்க்கரை தெரிந்திருந்தது, செருப்பு தெரிந்திருந்தது, பை தெரிந்திருந்தது. பெயர் ஒன்றைத்தான் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்று நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர்கள் காத்திருந்திருப்பார்கள்.

இதற்குள் தண்ணீர் வரிசையிலிருந்து முனியம்மா எழுந்து, சொட்டச்சொட்டக் கரையேறி நேராக மேடத்தின் முன்னால் போய் நின்றாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது. மத்தியானத்திலிருந்து தண்ணீரில் இருந்திருக்கிறாள். இறாலைத் தடவுகிற கையால் ஏரிச் சேற்றில் என்னைத் தடவியிருக்கிறாள்.

"யம்மா, வெளக்கு கிளக்கெல்லாம் அப்பறம் சொல்லு. அந்தப் புள்ளைக்கு இன்னா பண்ணப்போற?" என்றாள்.

மேடம் பேச்சை நிறுத்தினார். "எந்தப் புள்ளைக்கும்மா?"

"ஒன் ஆபீஸ் புள்ளைக்குத்தான். தெனம் பன்னத் துன்னுக்கினு அவங்கம்மாகிட்ட மீன் கொழம்புன்னு பொய் சொல்லிக்கினு கெடந்துச்சு. பாத்துக்கினே இருந்தேன், ஒரு நாளு ஒரு வாய் சோறு வாடான்னு கூப்டல. பாவி நான்." அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மேடம் திகைத்துப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். "நம்ம தம்பியா? நம்ம... அந்த..." என்று தேடினார். அவருக்கும் என் பெயர் வரவில்லை. அவருக்கு எல்லோருமே தம்பிதான்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். குரல் எலி கத்தியது போல வந்தது.

கூட்டம் திரும்பியது. தலையில் பெட்டியும் காலில் பளபளக்கும் ஷூவுமாக நான் நின்றேன். ஒரு குழந்தை வீறிட்டது. மாலைக்காரர் "ஐயோ, என்கிட்டதான் பேசுச்சு!" என்று பின்வாங்கி ஒரு படகின் மேல் விழுந்தார். முனியம்மா மட்டும் என்னை நோக்கி நடந்து வந்தாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் பெட்டியை இறக்கி வைத்தேன். ஓங்கி ஓர் அறை விட்டாள். காது 'ஙொய்' என்றது. அப்புறம்தான் அழுதாள்.

துணிக் கதையை நான் திக்கித்திக்கிச் சொல்லி முடித்தபோது சிரித்தவர்கள் கொஞ்சம், திட்டியவர்கள் நிறைய. ஏகாம்பரம் இரண்டும் செய்யவில்லை. "எங்க பாடு போச்சே" என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிய வலையை விட்டுவிட்டு ஒரு குப்பமே கரையேறியிருக்கிறது, பெயர் தெரியாத ஒருவனுக்காக. இனி முறை சுற்றி வரும்வரை அவர்களுக்கு அந்த இடம் இல்லை.

ஏகாம்பரம் பக்கத்துக் குப்பத்துத் தலைவரைப் பார்த்தார். மறுநாள் பாடு அவர்களுடையது. "சாவுக்கு வுட்ட பாட்டைத் திருப்பிக் குடுக்கறது வழக்கம்" என்றார்.

"வழக்கம்தான். சாவு எங்க?" என்றார் அவர்.

ஏகாம்பரம் கூச்சமே இல்லாமல் என்னைக் கைகாட்டினார். "தோ."

அந்தத் தலைவர் என்னை ஷூவிலிருந்து உச்சந்தலை வரை நிதானமாகப் பார்த்தார். "இவன் நிக்கிறானே."

"நிக்கட்டும். துணி ஏறுச்சா, இல்லியா? படகு திரும்புச்சா, இல்லியா? நீ மாலை வாங்கியாந்தியா, இல்லியா?"

அவர் யோசித்தார். கரையில் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். என் வேலை, நைனா, சபதம் எதுவும் அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. அவர் 'சாவுதான்' என்று சொல்லிவிட வேண்டுமே என்று, உயிரோடு இருக்கிற நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

"யாராச்சும் அழுதீங்களா?" என்று கேட்டார்.

"முனியம்மா அழுதா" என்றார் ஏகாம்பரம்.

"இவனுக்கு அவ இன்னா ஒறவு?"

"ஒறவெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மாதான் அழுதேன்" என்றாள் முனியம்மா.

பக்கத்துக் குப்பத்துத் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சும்மா அழுதாளா? அப்ப சாவுதான். நாளைக்கு நீங்க கட்டிக்கோங்க. நாங்க ஒரு நாள் தள்ளிக்கிறோம்." வாங்கிவந்த மாலையை என் கழுத்தில் போட்டார். பிறகு ஏகாம்பரத்திடம், "யார் சாவுன்னு சொல்லி வைக்கணுமே. பேரு இன்னா?" என்றார்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். மேடமும் பார்த்தார். தண்ணீரில் நின்றவர்களும் பார்த்தார்கள்.

"தாமோதரன்" என்றேன்.

"தாமோதரன்" என்று கரையில் நாலைந்து பேர் திருப்பிச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்தவன் அழக்கூடாது என்று யாரோ அதட்டினார்கள்.

அன்று ராத்திரி முனியம்மா வீட்டில் எனக்குச் சாப்பாடு. அம்மாவுக்குப் போன் செய்து, "மீன் கொழம்பும்மா" என்றேன். "தெரியும், தெனம் அதானே" என்றாள் அம்மா. நிஜமாகவே மீன் குழம்பு என்று அவளை நம்பவைக்க முனியம்மாவிடம் போனைக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே நைனா வந்து, ஒரு மூட்டை அரிசியை முனியம்மா வீட்டில் இறக்கிவிட்டு, என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. கண்ணீர் மல்கும் மக்கள் நடுவே மேடம் கைகூப்பி நிற்கும் அந்தப் போட்டோவைப் போல் ஒரு போட்டோ அதற்குப் பிறகு எந்த எம்.எல்.ஏ.வுக்கும் அமையவில்லை. 'அறிக்கை கேட்டு மனம் நெகிழ்ந்த மக்கள்' என்று குழுவில் நானே போட்டேன். கீழே முதல் முறையாக ஒரு நிஜமான பதில் வந்தது: 'தாமோதரா, ஒன் செருப்பு எங்க ஊட்ல கீது.'

பாடு முறை ஒரு நாள் தள்ளிப்போனதால், அந்த நாளைக் குப்பத்தில் இன்றும் 'தாமோதரன் பாடு' என்றுதான் சொல்கிறார்கள். பிற்பாடு எனக்குப் பெண் பார்த்தபோது, மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க என் மாமனார் தனியாக அந்தக் கரைக்குப் போயிருக்கிறார். படிக்கட்டு நிழலில் இறால் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கேட்டிருக்கிறார். அவள் தலையைக்கூடத் தூக்காமல், "தாமோதரனா? அது செத்தப்ப நான்தான் அழுதேன். ஒறவு ஒண்ணுமில்ல, சும்மாதான். தங்கமான புள்ள. தைரியமா பொண்ணக் குடு" என்றிருக்கிறாள்.

மாமனார் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்ல, என் மனைவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சம்மதம் என்றாளாம். ஏன் என்று கேட்டால் இப்போதும் எல்லோர் முன்னாலும் ஒரே பதில்தான் சொல்கிறாள்: "உறவே இல்லாத ஒருத்தி சும்மா அழுதிருக்கா. உயிரோட இருக்கிற எத்தன பேருக்கு அது கிடைக்குது?"